டேஷ்போர்டு எரியாத பத்மினி

முடிச்சூர் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் ஜெனி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அதை நடத்தும் மெக்கானிக் ராஜகோபால் அவள் கணவன் எபியைப் பார்த்தே பதில் சொன்னார்.

வண்டி ஜெனியுடையது. ஆசைப்பட்டு, தேடி அலைந்து அவளே வாங்கிய பழைய பிரீமியர் பத்மினி. மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒயரிங் சோதிப்பதுதான் அவள் வேலை. எபி கல்லூரி நூலகர். வண்டி ஓட்டுவான், பானட்டைத் திறக்கத் தெரியாது.

"போன வாரம் நீங்க மியூசிக் சிஸ்டம் மாட்டிக் குடுத்தீங்க. அதுலேர்ந்துதான் டேஷ்போர்டு லைட் எரியல. பெட்ரோல் முள்ளும் எழுந்திருக்க மாட்டேங்குது" என்றாள் ஜெனி.

ராஜகோபால் எபியிடம் சிரித்தார். "பெட்ரோல் ஊத்துனா முள்ளு தானா எந்திரிக்கும் சார்."

அங்கே நின்றிருந்தவர்களும் சிரித்தார்கள். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் அவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "வண்டி பழசு சார். ஒயரிங் மொத்தமும் பூட்ச்சு. அடியோட மாத்தணும். இல்லாங்காட்டி ஒரு நாள் பத்திக்கும்."

"எந்த ஒயர் போயிருக்கு? காட்டுங்க."

"மேடம் அங்க ஃபேனாண்ட உக்காரட்டும் சார். இதெல்லாம் சொன்னா அவங்களுக்குக் குழப்பமாப் பூடும்."

எபி தலையாட்டினான். "பத்திக்கும்ங்கிறாரே ஜெனி, மாத்திடலாமே."

ஜெனிக்குக் காது சுட்டது. எபியிடமிருந்து சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். நேராகச் சேலையூருக்கு ஓட்டினாள்.

வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினாள். ஃபியூஸ் நன்றாக இருந்தது. அதே சுவிட்சில் இயங்கும் பார்க் விளக்குகள் எரிந்தன. அப்படியென்றால் சுவிட்சிலும் குறையில்லை. மீட்டர் பெட்டியை வெளியே இழுத்து டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தாள். பல்புவரை கரண்ட் வந்துகொண்டிருந்தது. பல்பைக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்தாள், பளிச்சென்று எரிந்தது. எல்லா பல்பும் ஒரே நாளில் அணைந்து, முள்ளும் கூடவே படுத்திருக்கிறது. கரண்ட் வண்டியின் பாடிக்குத் திரும்பும் எர்த்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். ஒரு துண்டு ஒயரால் மீட்டர் பெட்டியையும் வண்டியின் பாடியையும் இணைத்தாள். டேஷ்போர்டு முழுக்க வெளிச்சம். இக்னிஷனைப் போட்டதும் பெட்ரோல் முள் பாதிக்கு ஏறி நின்றது.

குனிந்து உள்ளே பார்த்தாள். பாடியில் முடுக்கியிருக்க வேண்டிய கறுப்பு எர்த் ஒயரை மியூசிக் சிஸ்டத்தின் பிளாஸ்டிக் பிடியில் வைத்து முடுக்கியிருந்தார்கள். ஒரே ஒரு ஸ்க்ரூ.

அதைச் சரியான இடத்தில் முடுக்கிவிட்டு எழுந்தாள். நிம்மதி வரவில்லை. கோபம்தான் இரட்டிப்பானது.

"வாங்க போகலாம்."

"அதான் சரியாயிடுச்சே ஜெனி?"

"லைட் சரியாயிடுச்சு."

ஒர்க்‌ஷாப்பில் கோவளத்து மீன் வண்டிக்காரர் கோதண்டம் தன் வேனுக்கு முன்னால் கவலையோடு நின்றிருந்தார். பக்கத்தில் ராஜகோபால். ஜெனி பத்மினியின் கதவை அகலத் திறந்து, டேஷ்போர்டு விளக்கைப் போட்டுக் காட்டினாள்.

"எர்த் ஒயரைப் பிளாஸ்டிக்ல முடுக்கினது உங்க ஆளுங்க."

ராஜகோபால் அப்போதும் எபி பக்கமே திரும்பினார். "இன்னா சார், மேடம் ரொம்பக் கோவமா கீறாங்க?"

எபி ஜெனியைக் காட்டினான். "வண்டி அவங்களது. அவங்ககிட்டயே பேசுங்க."

"பசங்க தெரியாம பண்ணிட்டானுங்க... சின்னத் தப்பு மேடம்."

"தப்பு யார் வேணா பண்ணலாம். திறந்துகூடப் பார்க்காம மொத்த ஒயரிங்கும் போச்சுன்னு சொன்னீங்களே, அது தப்பா? வண்டி பத்திக்கும்னு பயமுறுத்தினீங்களே, அது தப்பா? என் வண்டியைப் பத்தி நான் கேட்டா, ஃபேனுக்குக் கீழ உக்காரச் சொல்றீங்க!"

ஒர்க்‌ஷாப்பில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. கோதண்டம் ராஜகோபாலை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கும் இப்ப அத்தத்தானே சொன்ன? மொத்த ஒயரிங்குன்னு? சாவியக் குடு நைனா."

ராஜகோபால் சாவியை நீட்டினார். ஜெனியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. எபி அவள் பக்கம் திரும்பினான்.

"நான் தலையாட்டியிருக்கக் கூடாது, ஜெனி."

"ஆமா, கூடாது" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல். "அவர் நான் யாருன்னு தெரியாமப் பேசினார். உங்களுக்குத் தெரியும்."