விழுந்துபோன ஹேங்கர் கூடை

குளத்தைச் சுத்தம் செய்ததற்காகக் கிடைத்த பாராட்டுச் சான்றிதழ் அலுவலகத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. அதன் முகத்தில் விழிக்கக் கூடாது என்றே இப்போதெல்லாம் திரும்பாமல் வேலை செய்கிறேன்.

என் வேலை மீன் எண்ணுவது. இதற்கெல்லாம் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்கள் என்று என் கணவர் வீட்டார் கல்யாணத்தின்போதே நம்பவில்லை. என் பொறுப்பில் இருப்பது பஸ் டிப்போவுக்குப் பின்னாலுள்ள சின்னக் குளம். ஒரு கரையில் டிப்போவின் மதில். எதிர்க்கரையில் என் நாத்தனாரின் சலவைக் கடை.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் குளத்தைக் கண்கொண்டு பார்க்க முடியாது. நடுவில் பாதி மூழ்கிய பட்டமரம். கரையெல்லாம் கோரையும் பாசியும். எல்லாவற்றையும் வழித்து எடுங்கள் என்று எழுதியவள் நான்தான். கிரேன் வந்தது, ஒரே வாரத்தில் குளம் பளபளவென்று ஆனது. போட்டோ எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள்.

போன வருஷம் எண்ணியபோது பெரிய கெண்டைகள் இருந்தன, குஞ்சு ஒன்றுகூட இல்லை. ஏதோ அந்த வருஷத்துக் கோளாறு என்று விட்டுவிட்டேன். இந்த வருஷமும் இரண்டு நாள் வலை இழுத்தாகிவிட்டது, குஞ்சைக் காணோம். எங்கள் துறையின் விதி கறாரானது. தொடர்ந்து இரண்டு வருஷம் மீன் குஞ்சு பொரிக்காத குளத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்தால் டிப்போக்காரர்கள் மண்ணடித்து பஸ் நிறுத்துவார்கள். இப்போதே அளவு டேப்பும் கையுமாக மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது நாள், அதாவது கடைசி நாள், காலையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினேன். மத்தியானம் வரை நாற்பத்தொரு கெண்டை, அத்தனையும் உள்ளங்கை அகலம். கடையின் பின்படி இருக்கும் மூலை ஒன்றுதான் பாக்கி. அங்கே ஏற்கெனவே ஒரு முறை வலை எதிலோ மாட்டிக் கிழிந்திருந்தது. வலையைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன்.

"அங்க வேணாம் அண்ணி, படி வழுக்கும்" என்றாள் நாத்தனார். மூன்று நாளாக இதையேதான் சொல்கிறாள்.

"வழுக்கினா வழுக்கட்டும். இந்தக் குளமே கைவிட்டுப் போகப்போகுது."

"என்னது?"

விதியைச் சொன்னேன். கையில் இருந்த துணியை அப்படியே இஸ்திரி மேஜையில் போட்டாள். படியிறங்கி என் பக்கத்தில் வந்தாள்.

"ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"என்ன சொல்லு."

"முதல்ல திட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

"சரி, திட்டல."

"போன வருஷம் காத்துல ஒரு கூடை மாடியிலேருந்து குளத்துல விழுந்துடுச்சு. உடைஞ்ச ஹேங்கர் போட்டு வெச்ச பெரிய பிளாஸ்டிக் கூடை. நீங்கதான் ஒரு காகிதம் விழுந்தாக்கூட ஆடித் தீர்ப்பீங்களே, அதான் வாயே திறக்கல."

மூன்று நாளாகப் படி வழுக்கிய ரகசியம் இதுதான். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. திட்டவில்லை, சொன்ன சொல்லுக்காக அல்ல, அவசரத்தால். கூடையை எடுத்தால்தான் அந்த மூலையில் வலை இழுக்க முடியும். கொடிக் கயிற்றில் கொக்கி கட்டி இருவருமாகப் போட்டு இழுத்தோம். நாத்தனார் ஒரு செருப்பைக் குளத்துக்குத் தாரை வார்த்தாள்.

கூடை மேலே வந்தது. பாசி பிடித்த ஹேங்கர்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வடிய, உள்ளே ஏதோ மினுமினுத்தது.

"பேசின்! பேசினை எடு!" என்று கத்தினேன்.

கஞ்சி போடும் வெள்ளை பேசினில் கூடையை இறக்கினோம். ஹேங்கர் இடுக்கிலிருந்து கெண்டைக் குஞ்சுகள் புறப்பட்டன, நகத்தளவு, கண்ணே பாதி உடம்பு. எண்பத்தேழு. மூன்று தடவை எண்ணினேன், மூன்றாவது தடவை கண் மறைத்தது. அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

"அப்போ கூடை விழுந்தது நல்லதா அண்ணி?" என்றாள், சமயம் பார்த்து.

நல்லதுதான். அதைவிடப் பெரிய விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீன்கள் இரண்டு வருஷமும் முட்டையிட்டிருக்கின்றன. பொரித்த குஞ்சுக்கு ஒளிய ஓர் இடுக்கு இல்லை. மரத்தையும் கோரையையும் எடுத்து, குஞ்சுகளைக் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தவள் நான். இருபது வருஷம் மீன் எண்ணியவளுக்கு மீன் எங்கே குடியிருக்கும் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

கூடையைக் குஞ்சுகளோடு அதே இடத்தில் இறக்கினோம். அறிக்கையில் 'இனப்பெருக்கம் உண்டு' என்று எழுதினேன். 'குறைந்ததற்குக் காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. 'வெயில்' என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. 'என் பரிந்துரையின்படி நடந்த துப்புரவு' என்று எழுதி, மரத்தைத் திரும்பப் போடும்படி கேட்டேன்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "உங்க மேலயே நீங்க புகார் எழுதியிருக்கீங்களேம்மா?"

"ஆமா சார்."

"சான்றிதழ்?"

"கழட்டிக்குங்க. மரத்தைக் குடுங்க."

சான்றிதழைக் கழற்ற விதி இல்லையாம், அது அங்கேயே இருக்கிறது. மரமும் இருந்தது. விறகாக்கக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் துறையின் கிடங்கில் இரண்டு வருஷமாகக் கிடந்ததாம். சோம்பேறித்தனத்துக்கு நான் நன்றி சொன்னது அன்றுதான்.

அடுத்த வாரம் கிரேன் வந்தது. அதே ஓட்டுநர். டிப்போ மதிலில் யாரும் டேப்போடு நிற்கவில்லை.

"அன்னைக்கு எடுன்னீங்க, இன்னைக்குப் போடுங்கறீங்க. திரும்ப எடுக்கச் சொல்ல மாட்டீங்களே?" என்றார்.

"மாட்டேன்."

"எழுதிக் குடுங்க" என்று டிரிப் சீட்டை நீட்டினார்.

கிண்டலாகத்தான் நீட்டினார். நான் அவரைத் திரும்பச் சொல்லி, அதை அவர் முதுகிலேயே வைத்து, 'இந்த மரம் இனி எடுக்கப்படாது' என்று எழுதி, பதவியும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் கிரேனில் ஏறியதும் கையைக் காட்டினேன், மரம் தண்ணீருக்குள் இறங்கியது.