தங்கச்சி கூடுதலாகக் காட்டிய மதியம்

அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் அடித்தளத்தில் இரண்டு கதிர்வீச்சு மிஷின்கள் இருந்தன. ஒரே அச்சில் வார்த்தவைதான். ஆனாலும் ஒரு வருஷம் முந்தி வந்ததை அக்கா என்றும் பிந்தி வந்ததைத் தங்கச்சி என்றும் எல்லோரும் கூப்பிட்டார்கள். அக்கா படுத்துவிட்டால் அவளுடைய நோயாளிகளைத் தங்கச்சியிடம் அனுப்பலாம். அதற்கு முன், இரண்டும் ஒரே அளவு கதிரைத்தான் கொடுக்கின்றன என்று யாராவது அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த யாராவது, அளவம்மா. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒன்றரை வருஷமாக அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அக்கா படுத்துவிட்டாள். சிகிச்சை நடுவில் விட்டுப்போனால் கட்டி தலைதூக்கும். அதனால் மூன்று நாளாக அளவம்மா பழுது பார்ப்பவர்களோடு மல்லுக்கட்டினாள். தூக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அக்கா எழுந்திருக்க மாட்டாள் என்று தெரிந்ததும், வெள்ளிக்கிழமை மதியம் தங்கச்சியை அளக்க உட்கார்ந்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளுக்கு விமானம். அவள் ஊருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் விமானம் உண்டு. திங்கட்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இவள் வரமுடியாமல் இரண்டு முறை தள்ளிப்போட்ட ஆபரேஷன்.

அளப்பது ஒன்றும் மாயமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் பென்சில் பருமனில் ஓர் அளவி. அதற்குள் இருக்கிற துளிக் காற்றில் கதிர் பட்டால் எண் வரும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் அந்தக் காற்று இறுகும், எண் கூடும். அதனால் தண்ணீரின் சூட்டைப் பார்த்துக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். தண்ணீர் நாள்கணக்கில் தொட்டியில் கிடக்கிறது, அறையின் சூடுதான் அதற்கும் இருக்கும் என்ற நினைப்பில் அவள் சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்து எழுதினாள். இருபத்திரண்டு புள்ளி எட்டு டிகிரி.

தங்கச்சி நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் கூடுதலாகக் காட்டினாள். வித்தியாசம் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். வேறொரு நாளாக இருந்தால் அளவம்மா முதலிலிருந்து தொடங்கியிருப்பாள். அன்று மிஷினின் அளவைக் குறைத்தாள், மறுபடி அளந்தாள், சரியாக வந்தது, கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு நாலு பேர் அன்றைய சிகிச்சையை முடித்துக்கொண்டு போனார்கள். கடைசி ஆள் ஒரு பஸ் டிரைவர், தொண்டையில் கட்டி. பேச முடியாததால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்குத் துப்புரவுக்காரர் கதவோரம் வந்து நின்றார்.

"தண்ணி எப்படிம்மா இருந்துச்சு?"

"எந்தத் தண்ணி?"

"தொட்டித் தண்ணிதான். அழுக்கா இருக்குன்னு நேத்து திட்டுனீங்கல்ல. இன்னிக்கு மத்தியானம் நீங்க சாப்பிடப் போனப்ப நல்லா கழுவிட்டு, குழாய்ல ஜில்லுன்னு புதுசா புடிச்சு ஊத்திட்டேன். கண்ணாடி மாதிரி இல்ல?"

அளவம்மா எழுந்து போய்த் தொட்டிக்குள் வெப்பமானியை விட்டாள். இத்தனை நேரம் கழித்தும் பத்தொன்பதைத் தாண்டவில்லை. தங்கச்சி கூடுதலாகக் கொடுக்கவே இல்லை. சரியாக இருந்தவளை இவள்தான் குறைத்துவைத்திருக்கிறாள்.

துப்புரவுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். "என் வேலைக்கு ஏதும் வருமாம்மா?"

"தண்ணி மாத்தினது தப்பில்ல. சூடு பாக்காம எழுதினது நான். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவள் போய்ச் சொன்னதைப் பெரிய டாக்டர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "நாலு பேரு, ஒரே ஒரு நாள். முப்பது நாள் சிகிச்சைல இது ஒரு பொருட்டே இல்ல, சரிக்கட்டிடலாம். அளவைத் திருப்பி வச்சுட்டு ஊருக்குக் கிளம்புங்க."

"யாரு திருப்பி வைக்கறது?"

"நீங்கதான். வேற யாரு இருக்கா?"

"இதே கைதான் டாக்டர் மத்தியானமும் திருப்பிச்சு. தூக்கமில்லாத கண்ணுக்கு இன்னிக்கு ஒண்ணு படல. இன்னொண்ணும் படாமப் போகும். நாளைக்கு பதினாலு பேரு வர்றாங்க."

"அப்ப என்ன பண்ணலாங்கறீங்க?"

"பக்கத்து ஆஸ்பத்திரில அளக்கறவர் காலைல பத்து மணிக்கு அவரோட அளவியோட வரேன்னுருக்கார். அவர் அளக்கட்டும், நான் பக்கத்துல நின்னு கையெழுத்துப் போடறேன்."

"அவரே போட்டா ஆகாதா?"

"இங்க என் கையெழுத்துதான் செல்லும். ரெண்டாவது ஆளை நீங்க போடவே இல்லையே."

டாக்டர் நாளைய பட்டியலை எடுத்து முதல் நோயாளியின் நேரத்தைப் பதினொரு மணிக்குத் தள்ளினார்.

நாலு வீட்டுக்கும் அவளே போன் போட்டுச் சொன்னாள். டிரைவர் வீட்டில் மனைவி எடுத்தாள்.

"கொறைச்சலாப் போயிருச்சா? நான் வைக்கற கஞ்சில பாதியக் கொறைச்சுத்தான் குடிக்கறாரு. மொதல்ல அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

கடைசியாக அம்மா.

"அம்மா, நாளைக்கு நான் வரல."

அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"மறுபடி மிஷினா?"

"இல்ல, நான்தான். தப்பா அளந்துட்டேன்."

"அங்க வேற ஆளே கிடையாதா?"

"கிடையாதும்மா."

"இங்கயுந்தான் எனக்கு வேற ஆள் கிடையாது." அம்மாவின் குரல் ஏறவில்லை. "இந்தத் தடவை தள்ளிப்போட மாட்டேன். கீழ் வீட்டுக்காரி கூட வரேன்னுருக்கா. நீ கட்டுப் பிரிக்கறப்பவாவது வந்து சேரு."

அம்மா போனை வைத்துவிட்டாள்.

அளவம்மா போனிலேயே விமானத் தேதியை மாற்றப் பார்த்தாள். அடுத்தது செவ்வாய்க்கிழமை இருந்தது, அதற்கடுத்தது வியாழன். கட்டு என்றைக்குப் பிரிப்பார்கள் என்று கேட்காமல் விட்டிருந்தாள். திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.