மூடி வைத்த டிராம்

ரயில் மியூசியத்தின் பின்பக்கக் கொட்டகையில் இரண்டு பழைய டிராம்கள், நல்ல காலம் பிறக்காதா என்று வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். அங்கே வேலை பார்த்த தச்சருக்கு மஞ்சள்தான் உசத்தி. காரணம் ஊரறிந்த ரகசியம். அவருடைய மாமனார் அந்த வண்டியில்தான் கண்டக்டராக இருந்தவர். அதை ஓட வைத்துக் காட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை முறுக்கில் வாயை விட்டிருந்தார் தச்சர். மாமனார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கொட்டகைக் கூரை ஒழுகியது. ஆபீஸில் கொடுத்ததோ ஒரே ஒரு பிளாஸ்டிக் ஷீட். தச்சர் மறுயோசனை இல்லாமல் மஞ்சளைப் போர்த்தினார். அதோடு விட்டாரா? காற்றுகூடப் புகாதபடி சுற்றிக் கயிறு கட்டி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். பச்சை கேட்பாரில்லாமல் நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைந்தது.

இந்த வருஷம் ஏதாவது ஒரு வண்டியைச் சரிசெய்யலாம் என்று முடிவாகி, இன்ஜினியர் அம்மா பார்வையிட வந்தார். மாமனாரும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். தச்சர் ஷீட்டை உருவியதும் குப்பென்று மக்கிய நாற்றம் அடித்தது. மஞ்சளின் அடிச்சட்டத்தில் இன்ஜினியர் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், பிடிவரை இறங்கியது. பச்சையில் நுனிகூட நுழையவில்லை. பெயின்ட் உரிந்திருந்ததே தவிர மரம் கல்லு மாதிரி இருந்தது. அவர் பச்சையை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தைத் தின்றிருக்கிறது. ஈர மரத்தை மூடி வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷனுக்கு, பாசம் கண்ணை மறைத்துவிட்டது. தச்சருக்குத் தன் முகத்திலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் மாமனார்தான் அவரைத் தேற்றினார். வண்டிக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு என்று சிரித்தார். நீங்கள் போர்த்தியிருக்காவிட்டால் எப்போதோ போயிருக்கும் என்று நன்றி வேறு சொன்னார். அந்த நன்றியைத்தான் தச்சரால் தாங்க முடியவில்லை. மனப்பாரத்தை இறக்கினால் போதுமென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நான்தான் மாமா கெடுத்தேன். சும்மா விட்டிருந்தா இன்னிக்கு உங்க வண்டிதான்."

மாமனார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வயசுதான் காரணம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அதையாவது விட்டு வெச்சிருக்கலாமே, மாப்பிள்ளை."