சாம்பல் நிற வியாழக்கிழமை

மாமியார் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் நான் முதலில் படித்தது அந்தக் கரும்பலகையைத்தான். சாலையோரம் ஒரு பழைய மர அலமாரி, அதற்குள் முட்டை அட்டைகள், மேலே பலகை. "எடுத்துக்கொள்ளுங்கள். காசைப் போனில் அனுப்புங்கள். இங்கே சிக்னல் கிடையாது, எங்கள் வீட்டு வைஃபையில் சேர்ந்துகொள்ளுங்கள். பாஸ்வேர்டு போசன்87." பக்கத்தில் சாக்பீஸில் ஒரு கோழி வேறு சிரித்துக்கொண்டிருந்தது. போசன் என்பது எப்போதோ செத்துப்போன நாய். இந்தப் பள்ளத்தாக்கில் அந்த நாயைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அதன் பெயரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது.

"திருடனுக்குச் சாவியை எங்கம்மா சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்காங்க" என்று ஹோபார்ட் நகரில் எங்கள் வீட்டில் இருந்து கிளம்பும்போதே கிரெய்க் சொல்லி அனுப்பியிருந்தான். என் கணவன் கோபத்தில் இருக்கும்போது அழகாகப் பேசுவான். போன மாதம் மாமியார் நோலா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாள் பார்த்து யாரோ வந்து, கொட்டகையில் இருந்த புல்வெட்டும் வண்டியையும் மரமறுக்கும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டும் இறந்துபோன மாமனார் பயன்படுத்தியவை. அன்றைக்கு அவள் வீட்டில் இல்லை என்பது வெளியாளுக்கு எப்படித் தெரியும்? பலகையில் இருந்த பாஸ்வேர்டுதான் காரணம், அதை வைத்து எவனோ வீட்டுக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்திருக்கிறான் என்று கிரெய்க் முடிவு கட்டிவிட்டான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவால் இனி தனியாக இருக்க முடியாது என்பதுவரை வந்துவிட்டான். வியாழக்கிழமை ஹோபார்ட்டில் முதியோர் குடியிருப்பு ஒன்றைப் பார்க்க நேரம் வாங்கியாகிவிட்டது. பிடித்திருந்தால் அன்றே கையெழுத்து.

மறைப்பானேன், எனக்கும் அது வசதிதான். வாரக் கடைசியில் இந்த வளைவுச் சாலையில் வண்டி ஓட்டுவது மிச்சம். பள்ளி அலுவலகத்தில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால், வியாழன் வரையாவது அந்த வீட்டின் வைஃபையைப் பூட்டிவைக்க என்னை அனுப்பியிருந்தான்.

நோலா அடுப்பில் இருந்து ஸ்கோன் பன்களை எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "என்ன கண்ணு, என்னை அரெஸ்ட் பண்ண வந்தியா?" என்றாள்.

"வைஃபை பெட்டியை மட்டும்தான்."

"பெட்டியை மூடிட்டா முட்டைக்கு எப்படிக் காசு போடுவாங்க? இந்தக் காலத்துல எவன் பையில சில்லறை இருக்கு?"

பெட்டி ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் கம்பெனிக்காரன் அச்சடித்த பாஸ்வேர்டுகள் இருந்தன. வைஃபைக்கு ஒன்று, பெட்டியையே திறந்து மாற்றுவதற்கு இன்னொன்று. இந்த இரண்டாவதை யாரும் மாற்றுவதே இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டுக்காரனின் கைப்பெட்டியை வாசலில் வைக்கிற கதை. முதலில் அதை மாற்றினேன். அடுத்து வீட்டு வைஃபைக்கு, நாயின் பெயர் இல்லாத, பிறந்த வருடம் இல்லாத, நீளமான ஒன்று வைத்தேன். நாலு சொற்களைச் சேர்த்து அவளே சொன்னாள். அதை எழுத முடியாது, ஒரு சொல் கெட்ட வார்த்தை.

பிறகு பெட்டியில் இதுவரை யார் யார் சேர்ந்திருந்தார்கள் என்று திறந்து காட்டினேன். வரிசையாகப் போன்கள். நோலா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது ரெஜ் டாலி. இது அவன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் தனித்தனியா முட்டை வாங்குவாங்க, பேச்சுவார்த்தை இல்ல. இது போஸ்ட் கொண்டுவர்ற பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒரு பெயர்கூட அவளுக்குத் தெரியாததாக இல்லை. முட்டைக்காரர்களுக்கு என்று விருந்தாளி வைஃபை ஒன்றைத் தனியாகத் திறந்துவிட்டேன். அதில் சேர்கிறவர்கள் காசு அனுப்பலாம், வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்க முடியாது.

"அப்போ பலகையில எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்க. ஆனா அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் காலண்டருக்கும் வைக்காதீங்க."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எல்லாவற்றுக்கும் போசன்தான் காவல் இருந்திருக்கிறது.

காலண்டரைத் திறந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். ஆன்லைன் காலண்டரை அவளுக்கு வைத்துக்கொடுத்தவன் கிரெய்க். குளிர்காலத்தில் அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, பெர்த் நகரில் இருக்கும் தன் தங்கையும் பார்க்கட்டும் என்று வைத்தது. யார் பார்க்கலாம் என்ற இடத்தில் எங்கள் பெயர்கள் இருந்தன. அதற்கு மேலே, "எல்லோரும்" என்பதற்கு எதிரே ஒரு டிக். மெயிலில் தேடினேன். பள்ளத்தாக்கு ஊர்க்காரர்களின் இணையப் பக்கத்தில் அவன் போட்டிருந்த செய்தி கிடைத்தது. "அம்மா ஆஸ்பத்திரி போகும் நாட்கள் இந்த லிங்கில் இருக்கின்றன. அன்றைக்கு ஹோபார்ட் போகிறவர்கள் யாராவது ஏற்றிக்கொண்டால் புண்ணியம்." லிங்க் இன்னும் வேலை செய்தது. என் போனில் திறந்து பார்த்தேன். கண் ஆஸ்பத்திரி, காலை முதல் மாலை வரை. உலகத்தில் எவன் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

திருடன் அதைப் பார்த்துத்தான் வந்தானா, யாருக்குத் தெரியும். ஆனால் பலகையில் எழுதியிருந்தது வீட்டு வைஃபை மட்டும்தான், வீடு காலியாக இருக்கும் நாளை எழுதி ஒட்டியவன் என் கணவன். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஒரு மாதமாக அந்தக் கிழவியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவைத்திருந்தோம். நானும்தான்.

சொன்னேன். நோலா ஸ்கோனில் ஜாம் தடவிக்கொண்டே கேட்டாள். கத்தி ஒரு நிமிடம் நின்றது.

"அதனாலதான் ரெஜ் ஒவ்வொரு தடவையும் சரியா வண்டியோட வந்து நின்னானா? நான் அவனுக்கு ஜோசியம் தெரியும்னு நினைச்சேன்." பிறகு, "கிரெய்க்கிட்ட சொல்லு. ஆனா திட்டாதே. எனக்கு வண்டி கிடைக்கணும்னுதான் போட்டிருக்கான்" என்றாள்.

டிக்கை எடுத்தேன். திரையில் வியாழக்கிழமை தெரிந்தது. இரண்டு மணி, குடியிருப்பு பார்த்தல், அம்மாவும் கிரெய்க்கும். நோலா அதை விரலால் தொட்டாள்.

"இது என் வியாழக்கிழமை. என்னைக் கேக்காம உள்ள வந்து எழுதியிருக்கான்."

"எழுதலைங்க. அழைப்பு அனுப்பியிருக்கான். நீங்கதான் பதில் சொல்லணும்." கட்டத்தை விரித்துக் காட்டினேன். கீழே சின்ன எழுத்தில் மூன்று பட்டன்கள். வருகிறேன், வரவில்லை, பார்க்கலாம்.

அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். "வரலைன்னு சொல்லலாமா இதுல?" அவள் குரல் மாறியிருந்தது. "அவன் போட்டா முடிஞ்சதுன்னு நினைச்சுட்டேன், டான்யா. பல் டாக்டர், கால் டாக்டர், எல்லாத்துக்கும் எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிட்டிருந்தேன்."

அடுத்து என்ன காட்டலாம் என்று தேடுகிறவள் போலத் திரையைத் தள்ளினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர்கள் எவ்வளவு பார்க்கலாம் என்று இருந்தது. எல்லாம் பார்க்கலாம், மாற்றலாம், அல்லது வேலை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம்.

"கடைசி ஒண்ணு போட்டா?"

"உங்களுக்கு அப்ப வேலை இருக்குன்னு தெரியும். என்ன வேலைன்னு தெரியாது."

"இது அம்பது வருஷம் லேட்டா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, மேசை குலுங்கச் சிரித்தாள். கிரெய்க் பெயருக்கு எதிரே அவளே மாற்றினாள். என் பெயரையும் விடவில்லை. அழைப்பின் பட்டனை மட்டும் தொடவில்லை. "நீ வீடு போய்ச் சேரு. அப்புறம் அழுத்துறேன். இல்லேன்னா உன் தலையில விடியும்." முட்டை அட்டையோடு என்னைக் கார் வரை வந்து அனுப்பினாள். நான் கிளம்பும்போது பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோழியை மட்டும் அழிக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் கிரெய்க்கிடம் சொன்னேன். திட்டவில்லை. அவன் முள்கரண்டியை வைத்துவிட்டு, போனில் அந்தப் பழைய செய்தியைத் தேடி எடுத்தான். கீழே ரெஜ் டாலி, "செவ்வாய்க்கிழமை நான் கூட்டிப் போகிறேன்" என்று எழுதியிருந்தார். இன்னும் சிலரும் எழுதியிருந்தார்கள். கிரெய்க் எல்லாவற்றையும் படித்தான், மேலே போய் மறுபடி படித்தான். "நான்தானா" என்றான், என்னிடம் இல்லை.

அப்போது அவன் கையிலேயே போன் ஒலித்தது. பார்த்தான்.

"அம்மா வரலைன்னு போட்டிருக்காங்க."

நான் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவன் அம்மாவின் காலண்டரைத் திறந்தான். கண் ஆஸ்பத்திரி இல்லை, கால் டாக்டர் இல்லை, நூலகம் இல்லை. வாரம் முழுக்க சாம்பல் நிறக் கட்டங்கள். வியாழக்கிழமை இரண்டு மணியில் இருந்து மாலை வரை, எல்லாவற்றிலும் பெரிதாகப் புதிதாக ஒன்று. வேலை இருக்கிறது என்று மட்டும்.

கட்டை விரலால் அழுத்தினான். ஒன்றும் வரவில்லை.

"அம்மாவுக்கு அப்படி என்ன வேலை, டான்யா?"

எனக்கும் தெரியாது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று மணி அடிக்கிறவன் மாதிரி, அவன் அந்தக் கட்டத்தை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தான்.