டாம்சின் நடந்த கரை

ஸ்டிடம் குடும்பத்தில் யாராவது கைவேலையைப் போட்டுவிட்டு வெறுமனே உலாத்தினால், "என்ன, டாம்சின் மாதிரி ஆத்தங்கரைக்குக் கிளம்பிட்டியா?" என்று கேலி செய்வார்கள். வெர்னா சின்ன வயதில் அம்மாவிடம் இதை எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். யார் அந்த டாம்சின் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பிறகுதான் தோன்றியது. கென்டக்கியின் வடக்கு மாவட்டங்களில் பழைய பதிவேடுகளைத் தேடி அவள் ஏறி இறங்காத நீதிமன்றம் இல்லை, புல்லை விலக்கிப் பார்க்காத கல்லறைத் தோட்டம் இல்லை. இருநூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த குடும்பத்தின் முதல் ஆள் எல்கானா ஸ்டிடமைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டாள். மலை தாண்டி வந்து காட்டை வெட்டி மரவீடு கட்டியது, மாவு அரைக்கும் ஆலை வைத்தது, பன்றிக்காக அடுத்த வீட்டுக்காரனின் தாடையை உடைத்தது. அவன் மனைவிதான் டாம்சின். ஷானி பழங்குடியினர் அவளைப் பிடித்துப் போனார்கள்; பதின்மூன்று வருடம் கழித்து எல்கானா மீட்டு வந்தான். அதற்குள் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அடிக்கடி ஒஹாயோ ஆற்றுக்கு ஓடிவிடுவாள், அவன் பொறுமையாகப் போய்க் கூட்டி வருவான். குடும்பம் சொல்லும் கதை இவ்வளவுதான். அவள் கல்லறை எங்கே என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை.

எச்சிலை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பி உறவு தேடும் வேலையையும் வெர்னா செய்து வைத்திருந்தாள். அதன் பலனாகப் போன குளிர்காலத்தில் ஓக்லஹோமாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. லீலண்ட் டோஹர்ட்டி என்று பேர் சொன்னார். ஷானிக்காரர்.

"நீங்க டாம்சினோட எந்தப் பிள்ளை வழிங்க?"

"சைலஸ். அவ திரும்பி வந்தப்புறம் பொறந்த பையன்."

"நான் அவ மக வழி."

"அவளுக்கு மகளே கிடையாதே."

"உங்க பக்கம் கிடையாது" என்றார் லீலண்ட்.

அவர் வீட்டிலும் ஒரு கதை இருந்தது. அதில் டாம்சினுக்கு வேறு பேர். ஷானி ஊரில் ஒருவனைக் கட்டிக்கொண்டு, ஒரு பெண்ணும் ஒரு பையனும் பெற்று, சோளம் விதைத்து வாழ்ந்தவள். வெள்ளையரோடு சமாதான ஒப்பந்தம் வந்தது. பிடிபட்ட வெள்ளையர் எல்லோரையும் ஒப்படைத்தே ஆகவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வர விருப்பமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவள் சோளக்கொல்லைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். தேடிப் பிடித்துக் குதிரையில் ஏற்றினார்கள். புருஷன் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளையரின் கோட்டை வாசல்வரை கூடவே நடந்தான். உள்ளே விடவில்லை.

"பொண்ணு குதிரை வாலைப் பிடிச்சுக்கிட்டே ஓடினாளாம். கை நழுவுற வரைக்கும். எங்க வீட்டுல இன்னும் அதைச் சொல்லித்தான் அழுவாங்க" என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகும் வெர்னா நாற்காலியை விட்டு எழவில்லை. டாம்சினுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. ஆற்றுக்கு அந்தக் கரையில் அவள் பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் எல்கானா அவளைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறான். அந்த வீட்டில் பிறந்த சைலஸின் வழியில்தான் வெர்னா வந்தாள். வெர்னா பெற்ற மூன்று பிள்ளைகளும் அந்த வழிதான். யாருக்காக வருத்தப்படுவது, யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் தம்பி ஹார்லிஸைக் கூப்பிட்டாள். கோடைக்காலக் குடும்ப ஒன்றுகூடலில் எல்கானாவுக்குக் கல் நாட்டும் ஏற்பாடு அவன் பொறுப்பு.

"டேய், அந்தக் கல்லுல என்னடா செதுக்கச் சொல்லியிருக்க?"

"'காட்டுமிராண்டிகளிடமிருந்து மனைவியை மீட்ட வீரன்'னு. ஏன்க்கா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"பாவந்தான்க்கா. ஆனா கல்லு செதுக்கியாச்சே."

"வேற கல்லு போடுடா."

"இவ்வளவு நாளும் அவர் பேரைத் தேடி அலைஞ்சது நீதானே? ஒண்ணொண்ணா தோண்டி எடுத்துக் குடுத்ததும் நீதான். இப்ப ஒரு ஃபோனு வந்துச்சுன்னு எங்களைத் தலைகீழா நிக்கச் சொல்றியா?"

சித்தப்பா மக்களிடம் பேசினாள். பாதிரியாரிடம் பேசினாள். எல்லோரும் தலையாட்டினார்கள், ஐயோ பாவம் என்றார்கள். ஒருவரும் கல்லைப் பற்றிப் பேச வரவில்லை.

ஒன்றுகூடல் அன்று தேவாலயத் தோட்டத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பன்றித் தொடைக்கறியும் சோளரொட்டியும் மேசை நிறைய. லீலண்ட் தனியாகக் காரோட்டி வந்திருந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். வெர்னா முன்பே அவரிடம் கல்லைப் பற்றிச் சொல்லி, வரவேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். "கல்லைப் பாக்க நான் வரல" என்றிருந்தார்.

கல்லை மூடியிருந்த துணியை விலக்க, வயதில் மூத்தவள் என்று ஹார்லிஸ் அவளைக் கூப்பிட்டான்.

"நீயே இழுடா" என்றாள் தாழ்ந்த குரலில்.

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க. மானத்தை வாங்காத."

குழந்தைகள் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் பேத்தி கையசைத்தாள். மறுத்துவிட்டு நடந்து போய்விடலாம் என்று கால்களுக்குச் சொல்லிப் பார்த்தாள். கை துணியை இழுத்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் லீலண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தார். முகம் மாறவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"டாம்சின் வந்து நிப்பான்னு சொன்னீங்களே, அந்த இடத்தைக் காட்டுறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இருவரும் ஆற்றுக்குப் போனார்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் வெர்னா நின்றுவிட்டாள்.

"அந்தக் கரை இப்ப இல்லைங்க. அணை கட்டினப்போ தண்ணி ஏறிடுச்சு. அதோ, அந்த மிதவை கிடக்கே, அதுக்கும் அந்தாண்டை, அடியில."

அவர் மிதவையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிலக்கரி ஏற்றிய படகுத்தொடர் ஒன்று மெதுவாகக் கடந்து போனது.

"என்னால ஒரு வரியைக்கூட மாத்த முடியல" என்றாள் வெர்னா.

"தெரியும்ங்க."

அவர் குனிந்து தண்ணீரில் கையை நனைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு பிடி சோளமணியை எடுத்தார். பாதியை அவள் உள்ளங்கையில் போட்டார். தன் பங்கைத் தண்ணீரில் விட்டு, வெர்னாவுக்குத் தெரியாத தன் மொழியில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று வெர்னா கேட்கவில்லை. தன் பங்கை விடுவதா, விடத் தனக்கு உரிமை உண்டா என்று தெரியாமல் மூடிய கையோடு நின்றாள். லீலண்ட் அவளை அவசரப்படுத்தவில்லை.