கருவாட்டு ரொட்டி

சவுக்குக் கட்டை எரிந்து தணலானதும் நீளக் கம்பியால் அதை ஓரம் ஒதுக்கி, கழியில் ஈரச்சாக்கைச் சுற்றி அடுப்பின் தரையைத் துடைக்க வேண்டும். சாக்கு பட்ட மாத்திரத்தில் ஆவி சீறிக்கொண்டு முகத்துக்கு வரும். அந்த ஆவிக்குக் கதிரவன் தன் இரண்டு புருவங்களையும் எப்போதோ காணிக்கை செலுத்திவிட்டான். கிழக்கு வெளுக்குமுன் மாவைப் பிசைந்து, அடித்து, உருட்டிப் பலகையில் அடுக்கியிருந்தான். தோள்பட்டை கழன்று விழுந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. பசி வேறு. அடுப்போ, கொதிக்கும் செங்கல் தரையோடு வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

கதிரவனுக்கு யோசனை வருவது கடலூர் மாவட்டத்துக்குப் புயல் வருவது மாதிரி. போன பிறகுதான் சேதம் தெரியும்.

பாத்திரம் கழுவும் இருசம்மாள் கொண்டுவந்திருந்த மத்திக் கருவாட்டில் ஒரு கை அள்ளிச் சூடான செங்கல்மேல் வீசினான். கருவாட்டுக்கென்றே கட்டிய அடுப்பு மாதிரி அது மொறுமொறுவென்று சுட்டுக் கொடுத்தது. கொழுப்பு உருகிச் செங்கல்லுக்குள் இறங்கியதை அவன் கவனித்திருக்கலாம். அந்த நேரத்தில் ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான். பிறகு அதே தரையில் ரொட்டியை அடுக்கினான்.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற சாலையில், கிள்ளைக்குச் சற்று முன்னால் இருந்தது 'ப்ளூ ஹெரான்'. ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக் நடத்திய மேனாட்டுச் சாப்பாட்டுக் கடை. தாய்லாந்தில், பட்டாயா கடற்கரையில் பல காலம் இதே மாதிரி ஒரு கடை வைத்திருந்தவர் அவர். அங்கே ஒரு ஞானம் பெற்றதாக அடிக்கடி சொல்வார்: வெளியூருக்கு வந்த வெள்ளைக்காரன் முதல் நாள் உள்ளூர்ச் சாப்பாட்டைப் புகழ்வான், இரண்டாம் நாள் படம் எடுப்பான், மூன்றாம் நாள் தன் ஊர் ரொட்டிக்கு அழுவான், அந்த மூன்றாம் நாளில்தான் நம் வியாபாரம். அதன்படியே கோயில் பார்த்துக் களைத்தவர்களும், சுரபுன்னைக் காட்டில் படகு சுற்றி வந்தவர்களும், புதுச்சேரியிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் அவர் கடையில் உட்கார்ந்து ஸ்டீக்கையும் பாஸ்தாவையும் கண்டு கண்கலங்கினார்கள். 2009-இல் அந்தச் சாலையில் அவரைப் போல் கொழித்தவர் வேறு எவருமில்லை.

அந்த அடுக்களையில் இன்னொரு சாப்பாடும் இருந்தது. காலையில் ரொட்டி வெந்து இறங்கியதும் வேலைக்காரர்கள் எல்லோரும் அவரவர் கொண்டுவந்ததை ஒரே சட்டியில் கொட்டுவார்கள். ஒருவர் வீட்டுப் பழைய சோறு, ஒருவர் வீட்டு மோர், மீனவர் குப்பத்திலிருந்து கருவாடு, காலனியிலிருந்து சுண்டக் குழம்பு. இருசம்மாள் கையால் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை வைப்பாள். ஊருக்குள் ஒருவர் தெருவில் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிக்கிறவர்கள்தான். யாரும் தீர்மானம் போட்டுத் தொடங்கவில்லை. பசி தொடங்கிவைத்தது, பழக்கம் ஆகிவிட்டது.

அன்று காலை முதலில் வந்த பிரெஞ்சு அம்மாள் ரொட்டியைப் பிட்டு மோந்தாள். பரிமாறும் வெண்மதியைக் கூப்பிட்டு, இது என்ன வாசனை என்று கேட்டாள். அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கிற வெண்மதி, உள்ளூர் மூலிகை என்று சமாளித்தாள். அம்மாளின் வீட்டுக்காரர் நன்றாயிருக்கிறதென்று இரண்டாவது ரொட்டி கேட்டார். மற்ற மேசைகளுக்கு அவ்வளவு பரந்த மனசு இல்லை. தட்டுகள் வரிசையாகத் திரும்பி வந்தன. ஹென்ட்ரிக் அடுக்களைக்குள் வந்து, அடுப்புக்குள் மூக்கை விட்டு இழுத்தார். தும்மினார்.

கடையின் உரிமம் மேனேஜர் சூர்யநாராயணன் பேரில் இருந்தது; முதலும் முடிவும் ஹென்ட்ரிக்குடையவை. ஹென்ட்ரிக் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் இறக்கி வைப்பது சூர்யநாராயணனின் வேலை. அவர் இருசம்மாளின் கூடையைக் கிளறிக் கருவாட்டுப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"நான்தான் சார் சுட்டேன்," என்றான் கதிரவன்.

"நீ சும்மா இருடா. எப்பப் பாத்தாலும் காமெடி."

"காமெடி இல்ல சார். என் வாய மோந்து பாருங்க."

பாத்திரம் கழுவுகிற இரண்டு பேர் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். கதிரவன் உண்மையைச் சொன்னாலும் சிரிப்பு வரும். அது அவன் முகவாகு. ஆனால் ஹென்ட்ரிக் சிரிக்கவில்லை. அவனை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்த அடுப்பின் சூட்டைக் கையால் அளந்து ரொட்டி சுட இன்னொருவனைப் பழக்க வேண்டுமென்றால் மாதக்கணக்காகும். பாத்திரம் கழுவ நாளைக்கே ஆள் வரும். அவர் இருசம்மாளைக் காட்டி ஏதோ சொன்னார்.

சூர்யநாராயணன் தொண்டையைச் செருமிக்கொண்டு இறக்கி வைத்தார். இருசம்மாள் நாளையிலிருந்து வர வேண்டாம். சோற்றுச் சட்டி இனி அடுக்களைக்குள் நுழையக் கூடாது. அதற்காக யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. விருந்தாளிகள் தட்டில் நல்ல சாப்பாடு எவ்வளவோ மிஞ்சிப் போகிறது. மூன்று மணிக்கு மேல் பின்பக்கம் உட்கார்ந்து அதைச் சாப்பிடலாம். நாமெல்லாம் ஒரு குடும்பம்.

இருசம்மாள் கையிலிருந்த தேங்காய் நாரைக் கழுவும் தொட்டிக்குள் போட்டாள்.

"எந்தக் குடும்பத்துல சார் எச்சித் தட்ட வழிச்சுப் போடுவாங்க?"

சூர்யநாராயணன் அதை இங்கிலீஷில் ஏற்றவில்லை. எச்சில் என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையோ, சொல்ல வெட்கமோ. வீட்டில் இன்னொருவர் வாய் வைத்த டம்ளரைத் தொடாதவர் அவர். தரையைப் பார்த்தபடி வெளியே போனார்.

மத்தியானம் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் எல்லோரும் கூடினார்கள். கதிரவன் வழக்கம்போல் ஆரம்பித்தான்: தன் கருவாட்டு ரொட்டிக்குப் புதுச்சேரியில் பெரிய மார்க்கெட் இருக்கிறது, இருசம்மாளும் தானும் கூட்டு வியாபாரம்... யாரும் சிரிக்கவில்லை. இருசம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கதிரு, ஒன் வாய்க்கு ருசியா இருந்துது. என் வயித்துல அடிச்சிட்டாங்க. இன்னா பண்ணப் போற, அதச் சொல்லு."

அவன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தான். சவுக்குப் புகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொட்டகையில் புகையே இல்லை. பிறகு அவன் வாழ்நாளில் முதல்முறையாக, கிண்டல் வால் ஒட்டாத ஒரு வாக்கியம் பேசினான். "நாளைக்கு நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்க்கா."

வெண்மதி அதைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒருத்தன் நின்றால் அவனைத் துரத்திவிட்டு ரொட்டியைச் சிதம்பரத்தில் வாங்கிக்கொள்வார்கள். எல்லோரும் நின்றால்தான் வழி. மறுநாள் மதியம் புதுச்சேரி ஓட்டல் முதலாளிகள் சிலரை ஹென்ட்ரிக் விருந்துக்கு அழைத்திருந்தார். அவர்களோடு சேர்ந்து இன்னொரு கடை திறக்கும் பேச்சு. அந்த நாளை விட்டால் வேறு நாள் கிடைக்காது. இருசம்மாள் திரும்ப வேண்டும், சட்டி அடுக்களைக்குள் இருக்க வேண்டும், எச்சில் கூடாது. இது முடிகிற வரை வாசலுக்கு வெளியே நிற்பது. ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். பயந்துகொண்டுதான் ஆட்டினார்கள்.

தலையாட்டாமல் அடுக்களைக்குத் திரும்பிப் போனது ஒரே ஆள், தலைமைச் சமையல்காரர் அந்தோணிசாமி மாஸ்டர். அவர் இல்லாமல் ஸ்டீக் இல்லை. ஸ்டீக் இல்லாமல் விருந்து இல்லை. மற்ற எல்லோரும் வெளியே நின்று அவர் உள்ளே நின்றால், ஹென்ட்ரிக்கே தட்டு தூக்கி விருந்தை முடித்துவிடுவார். கதிரவன் அடுக்களைக்குள் போய் அவர் பக்கத்தில் நின்றான்.

"மாமா, நாளைக்கு வருவியா?"

"அந்த வெங்காயத்த எடு."

எடுத்துக் கொடுத்தான். "வருவியா?"

"கத்தி மொண்ணையா கீது. தீட்டணும்."

அவர் ஏன் பிடி கொடுக்கவில்லை என்பது அடுக்களைக்கே தெரியும். பட்டாயாவில் ஹென்ட்ரிக்கின் நண்பர் நடத்துகிற ஸ்டீக் கடைக்கு அவரை அனுப்புவதாகப் பேச்சு. பாஸ்போர்ட் வந்துவிட்டது. வீட்டில் பெரிய பெண்ணின் கல்யாணம் அந்த விமானத்தைத்தான் நம்பியிருந்தது. அன்று இரவு தூக்கம் வராதபோது கதிரவன் அவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தான். தானாயிருந்தால் இந்நேரம் பெட்டி கட்டியிருப்போம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவர்மேல் கோபப்பட முடியாமல் போயிற்று. அது இன்னும் சங்கடமாயிருந்தது.

மறுநாள் விடியும்போது 'ப்ளூ ஹெரான்' புகைபோக்கியில் புகை இல்லை. வாசலுக்கு எதிரே சாலையோரம் இருசம்மாள் மூன்று செங்கல்லை வைத்துச் சட்டியை ஏற்றியிருந்தாள். சுற்றிலும் எல்லோரும் நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாத கைகள் ஆளுக்கொரு பக்கம் ஆடின. வேலைக்குப் போகாமல் நிற்பது வேலையைவிடக் கஷ்டமாக இருந்தது. கிள்ளைப் பக்கம் போகிற பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

அந்தோணிசாமி மாஸ்டர் தன் டிவிஎஸ் வண்டியில் வந்தார். வேகத்தைக் குறைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வண்டியை வாசலுக்குள் விட்டு, அடுக்களைக்குள் போய்விட்டார். கூட்டத்தில் ஒருவர், நாமும் உள்ளே போய்விடலாமா என்று முணுமுணுத்தார்.

ஹென்ட்ரிக் வெளியே வந்தார். பின்னால் சூர்யநாராயணன். ஹென்ட்ரிக்கின் முகம் சிவந்திருந்தாலும் குரல் இதமாகத்தான் இருந்தது. உங்கள் மேல் எனக்கு எவ்வளவு அன்பு என்று தொடங்கினார். வெண்மதி, மேனேஜர் இறக்கி வைக்கும்வரை காத்திருக்கவில்லை. நேரே ஹென்ட்ரிக்கிடம் இங்கிலீஷிலேயே கேட்டாள். பிறகு தன் ஆட்களுக்காகத் தமிழிலும் சொன்னாள்.

"சார், மூணாம் நாள் தன் ஊரு சாப்பாட்டுக்கு மனுசன் அழுவான்னு நீங்கதான சொன்னீங்க? அந்த அழுகையிலதான ஒங்க யாவாரமே நடக்குது? நாங்க எங்க ஊர்ல இருந்துகிட்டே எங்க சோத்துக்கு அழுவணுமா?"

அந்தக் கேள்வி எங்கோ பட்டிருக்க வேண்டும். ஹென்ட்ரிக் தலையை உலுக்கிக்கொண்டார். இது முறை சம்பந்தப்பட்டது என்றார். பட்டாயாவில் எத்தனையோ பேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன், ஒருவர்கூட இப்படி வாசலில் நின்றதில்லை என்றார்.

அப்போது அடுக்களைக் கதவருகில் அந்தோணிசாமி மாஸ்டர் நின்றிருந்தார். வெள்ளை அங்கி மாட்டியிருந்தார். கையில் தீட்டிய கத்தி. மெதுவாக, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். அங்கே சமையல்காரர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்?

ஹென்ட்ரிக்குக்கு அது தனக்கு ஆதரவான கேள்வியாகப் பட்டது. உற்சாகமாகவே பதில் சொன்னார். பின்பக்கச் சந்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில். எல்லோரும் அங்கேதான். தட்டில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போவார்கள், சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். நல்ல ஜனங்கள்.

"பெரிய மாஸ்டருமா?" என்றார் அந்தோணிசாமி, இந்த முறை தமிழில்.

சூர்யநாராயணன் இதை இங்கிலீஷில் ஏற்றினார். பதிலை இறக்கும்போது அவர் குரல் கம்மியிருந்தது. "அங்க பெரிய மாஸ்டர், சின்ன மாஸ்டர்னு வித்தியாசமே பாக்கறதில்லையாம்."

மாஸ்டர் உள்ளே போனார். ஹென்ட்ரிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இன்னும் சற்று நேரத்தில் உள்ளே வராதவர்களுக்கு வேலை இல்லை, சிதம்பரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார். அது பொய்யாயிருக்கலாம். மெய்யாகவும் இருக்கலாம். சூர்யநாராயணன் செல்போனைக் காதில் வைத்தபடி ஓரமாக ஒதுங்கினார். யாரும் அசையவில்லை. இருசம்மாள் மட்டும் அடுப்பில் இன்னொரு சுள்ளியைச் செருகினாள்.

அடுக்களைக் கதவு திறந்தது. மாஸ்டர் வெளியே வந்தார். அங்கி இல்லை, பழைய கட்டம் போட்ட சட்டை. கையில் கத்தியும் இல்லை. வண்டியை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தார். வீட்டுக்குத்தான் போகிறார், எங்கும் சேராமல் ஒதுங்கிவிடுவார் என்று கதிரவன் நினைத்தான். அதுகூடப் போதும், விருந்து நின்றுவிடும் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அந்த மூலையைப் பார்த்து அவனுக்கே வெட்கமாயிருந்தது. மாஸ்டர் வேலியோரம் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். சட்டியைச் சுற்றி நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். அவர் கதிரவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

கதிரவனின் நாக்கு நுனிக்கு ஒரு கிண்டல் வந்தது. விமானம் இந்த ரோட்டில் நிற்காதே மாமா, பஸ்தானே நிற்கும் என்று. அதை விழுங்கிவிட்டான்.

"மாமா, ஒன் பாஸ்போர்ட்டு..."

"அது என் பாடு."

"ஜெயிப்பமா மாமா?"

எதிர்ப்பக்கம் ஹென்ட்ரிக் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றார். அவருக்குப் பின்னால் புகையில்லாத புகைபோக்கி. அந்தோணிசாமி மாஸ்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே நின்றார். பிறகு திரும்பிக் கதிரவனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தெரியாது. ஆனா இருசம்மா உள்ள போற வரைக்கும் நானும் போவ மாட்டேன்."