மக்கரோனிக்குச் சீஸ் போடும் நேரம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பிக்கும் விவேகானந்தன், கண்டியில் நடந்த ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு, விடுதலையாகி வீடு வந்து ஒரு கிழமையாகியும் வாய் திறக்கவில்லை. சோற்றையும் பாதியில் வைத்துவிடுவார். அதனால்தான் அவர் அமெரிக்காவின் லூசியானாவில் படித்த காலத்தில் பழகிய, அந்த ஊர்க் காரச் சமையலான கேஜன் மக்கரோனியைச் செய்து பார்க்க மனைவி கமலாசனி துணிந்தாள்.

சந்தையில் கிடைத்த இறாலையும் கணவாயையும் உள்ளிப்பூண்டு, மிளகாய்த்தூள், மிளகு, காய்ந்த தைம் இலை சேர்த்துப் பிரட்டி வதக்கி வைத்தாள். பட்டரில் மாவை வறுத்துப் பாலூற்றிக் கிண்டினாள். பால்கூழ் கொதித்துக் குமிழி விட்டபோது சீஸ் துருவலை அள்ளினாள்.

"அடுப்பை நிப்பாட்டும்."

குசினி வாசலில் கணவர் நின்றார். அவள் கை அந்தரத்தில் நின்றது.

"கொதிக்கேக்கை போட்டால் சீஸிலை இருக்கிற புரதம் இறுகிக் கொழுப்பை வெளியிலை தள்ளிப்போடும். பிறகு எண்ணெயும் கட்டியும்தான் மிஞ்சும். கொஞ்சம் ஆறவிட்டுப் போடும்."

அவர் சொன்னபடியே ஆறவிட்டுப் போட்டாள். கூழ் வழவழவென்று இழைந்தது. அவித்து வைத்த மக்கரோனியையும் இறாலையும் கணவாயையும் அதில் கலந்து தட்டில் பரப்பி, மேலே பாண்தூளை, காய்ந்த ரொட்டித்தூளை, தூவினாள். ஏன் தூவுகிறோம் என்று அவளுக்குத் தெரியும்; ஆனாலும் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, பாண்தூள் என்னத்துக்கு?"

"அதுவோ?" அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவணின்ரை மேல்சூடு நேரே சீஸிலை பட்டால் தோல்மாதிரிக் காய்ஞ்சிடும். தூள் அந்தச் சூட்டை வாங்கி மொறுமொறுப்பாகும்."

"வாத்தியார் திரும்பி வந்திட்டார்," என்றாள் கமலாசனி.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் தட்டை அவள் மின்சார அவணுக்குள் வைத்து, மேற்பரப்பு பொன்னிறமாகும் வரை பேசிக்கொண்டேயிருந்தார்.

"ஆறட்டும், வாய் வெந்துபோம்," என்று அவள் சொல்வதற்குள் இரண்டாம் கரண்டியை எடுத்துவிட்டார்.